ஆராவமுதன் சந்தோஷம் பேசப் போனார்

ருக்மிணிக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்த அன்றே அவள் கணவர் ஆராவமுதன் வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டார்: இனி இங்கே யாரும் அழக்கூடாது. மாநிலச் செயலகத்தில் சுற்றறிக்கை எழுதியே ஓய்வு பெற்றவர்; நோய்க்கும் ஒன்று அனுப்பிப் பார்க்கலாம் என்று நினைத்தார் போலும். அது தொண்ணூற்றொன்பதாம் வருஷம். மல்லேஸ்வரம் வீட்டில் அவர்கள் இருவரும், அவருடைய தங்கை பாகீரதியும்தான்.

அறுவை முடிந்து கீமோதெரபி தொடங்கியது. வாந்திக்குப் பாத்திரம் ஏந்தியவள் பாகீரதி. வாய்ப்புண்ணில் உறுத்தாதபடி சாதத்தைக் குழைய மசித்து ஊட்டியவளும் அவள்தான். ஆராவமுதன் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு அறை வாசலில் நின்று, "பாஸிட்டிவ்வா இரு ருக்கு" என்பார். அதற்கே களைத்துப்போய்க் காபி கேட்பார்.

ஒரு நாள் காலையில் தலை வாரும்போது முடி கொத்தாகக் கையோடு வந்தது. ருக்மிணியின் முகம் கோணியது. ஆராவமுதன் கைதட்டினார்.

"ஊஹூம், சிரி! முடி போனா என்ன? சிக்கெடுக்கற வேலை மிச்சம்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்காமல் பாகீரதி உள்ளே போய்விட்டாள்.

நோயாளிகளுக்கும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களுக்குமாக ஒரு சங்கம் சம்பிகே ரோடு பக்கம் கூட்டம் நடத்திவந்தது. ஆராவமுதன் அங்கே மைக்கைப் பிடித்தார். "நாங்க கேன்சரைச் சிரிச்சே விரட்டிண்டிருக்கோம்" என்றார். அந்த 'நாங்க'வில் ஊசி ஏறியது ஒருத்தி கையில் மட்டும். தலையில் ஸ்கார்ஃப் கட்டி முன்வரிசையில் உட்காரவைத்திருந்த மனைவியை எழுந்து நிற்கச் சொல்லி, "சந்தோஷமா இருக்கியோன்னோ?" என்று கேட்டார். அவ்வளவு பேர் முன்னால் அவள் வேறென்ன சொல்வாள்? "இருக்கேன்" என்றாள். "தும்பா சென்னாகி மாத்தாடிதிரி ஸார்" என்று ஒருவர் கன்னடத்தில் புகழ்ந்து கையைக் குலுக்கினார். அன்றிலிருந்து ஆராவமுதன் தரையில் நடக்கவில்லை.

அடுத்த கூட்டத்தன்று ருக்மிணிக்குக் காய்ச்சல். "ஜனங்களை ஏமாத்தப்படாது" என்று அவர் மட்டும் கிளம்பினார். ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் தேய்ந்ததும் ருக்மிணி கேட்டாள்:

"பாகீ, கதவைத் தாப்பாள் போட்டியா?"

"போட்டாச்சு மன்னி."

ருக்மிணி வாய்விட்டு அழுதாள். அறுத்தெடுத்த மார்புக்காக, முடிக்காக, செத்துப்போவோமோ என்ற பயத்துக்காக. பாகீரதி அவளைத் தேற்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தானும் அழுதாள்.

"பயமா இருக்குடி."

"எனக்கும்தான் மன்னி. நீங்க போயிட்டா அண்ணாவோட நான் தனியா மாட்டிப்பேனே!"

அழுகையின் நடுவே ருக்மிணிக்குப் பக்கென்று சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைச் சிந்திக்கொண்டாள். வெகு நாட்களுக்குப் பிறகு பசிக்கிறது என்றாள். காரமில்லாத சாத்தமுது சாதம் நாலு வாய் தானாகவே சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனாள்.

சால்வையோடு திரும்பிய ஆராவமுதன் அவளுடைய தெளிந்த முகத்தைப் பார்த்தார். "பாத்தியா! நான் அங்கே பேசினது இங்கே வேலை செய்யறது" என்றார்.

உண்மையில் வேலை செய்தது அவர் இல்லாததுதான். பெண்கள் இருவரும் அதைப் புரிந்துகொண்டார்கள். பாகீரதி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள், தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. "எங்கண்ணா ரொம்ப நன்னாப் பேசுவார்" என்று போன் போட்டபடி இருந்தாள். ஜெயநகர், தும்கூர், மைசூர் என்று அழைப்புகள் வந்தன. அவர் ஊர் ஊராகச் சந்தோஷத்தை விளக்க, வீட்டில் இருவரும் அழுதார்கள், சீரியல் பார்த்தார்கள், அவரைப் போலவே பேசிக் காட்டிச் சிரித்தார்கள்.

மைசூரில் ஒரு பெண் எழுந்து, "உங்கள் மனைவி அழுததே இல்லையா?" என்று கேட்டாள். "இல்லவே இல்லை" என்றார். ஆனாலும் அது அவரை உறுத்தியது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ருக்மிணியிடம் கேட்டார்.

"அழறேனே. நீங்க வெளியே போறப்போல்லாம்."

"ஏன், நான் இருக்கறப்போ?"

"நீங்க இருந்தா சிரிக்கவே நேரம் சரியாப் போயிடறதே!"

அவர் தோள் சால்வையை எடுக்காமலே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு வாரம் எங்கும் போகவில்லை. வந்த அழைப்புகளையும் தட்டிக் கழித்தார். ருக்மிணிக்குக்கூடப் பாவமாக இருந்தது. மனுஷர் மாறிவிடுவார் என்று நம்பினாள். கூடப் பிறந்த பாகீரதிக்கு அந்த நம்பிக்கை கிடையாது.

சிகிச்சை முடிந்தது. இப்போதைக்குக் கவலையில்லை என்றார் டாக்டர். சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு மூவரும் போனார்கள். ஆராவமுதன் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு முழங்கினார்:

"அழணும்! அடக்கவே கூடாது! என் மனைவியை நான்தான் அழ வெச்சேன்!"

அதுவரை அவர் சொன்னதிலேயே இது ஒன்றுதான் உண்மை. ஹால் அதிரக் கைதட்டினார்கள்.

ருக்மிணி எழுந்தாள். பாகீரதியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையிலிருந்து நேராக வாசலுக்கு நடந்தாள். எதிரே இருந்த ஹோட்டலில் இருவரும் கேசரி பாத் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

"அண்ணா தேடுவாரே மன்னி?"

"பேச்சை முடிச்சப்புறம்தானே தேடுவார்? இன்னொரு காபி சொல்லு."