முருகேசரின் கால் பெருவிரல்

…எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, அதுதான் எரிச்சல், நிமலினி தியேட்டர் இருட்டில் செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள், திரையில் செத்தவீடு, வானத்திலிருந்து கமரா வழுக்கிக்கொண்டு இறங்குகிறது, பறை நெஞ்சுக்குள் அதிருகிறது, பெட்டிக்குள் கிடக்கும் நடிகர் மெழுகுப் பொம்மைபோல இம்மியும் அசையவில்லை, பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சுகிறார்கள்… தனக்கு மட்டும் ஏன் ஒரு சொட்டும் வரவில்லை? இது இரண்டாம் பாகமாம். முதற்பாகத்தை அவள் கணவன் றொபின் இரவல் கமராவில் எடுத்தான், இணுவிலில் ஒரு வீட்டு விறாந்தையில். அதில் வந்த செத்தவீட்டில் பிணமாக நடித்தவர் பக்கத்து வளவு முருகேசர், பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டவே விடவில்லை, "தம்பி, நான் ஒரேயடியா அசையாமல் கிடந்தா எமன் உண்மையெண்டு நம்பிப்போடுவான், ஒரு விரலையாவது ஆட்டிக்கொண்டுதான் கிடப்பன்" என்றார், மனுசன் சொன்னபடியே ஆட்டினார், ஒப்பாரி வைத்த பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்கள், படத்தில் அந்தக் குலுங்கலைப் பார்த்துத்தான் ஊர்ச்சனம் அழுதது… இப்போது இரண்டாம் பாகத்தை எடுத்த கொம்பனி அந்த விரலின் ஆட்டத்தைக் கணினியில் நிறுத்திவிட்டு இரண்டு பாகத்தையும் சேர்த்து வெளியிடப்போகிறதாம், அவள் ஓமென்றால் போதுமாம், இடைவேளைக்குள் பதில் வேண்டுமாம். போன வருடம் செத்துப்போன றொபினைப் பெட்டியில் கிடத்தியபோது அவள் அவன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், வெள்ளைக் காலுறை போட்டிருந்தார்கள், அதைக் கழற்றச் சொல்ல நினைத்தாள், பாதிரியார் செபத்தைத் தொடங்கிவிட்டார்…

விளக்குகள் எரிந்தன. றொபினிடம் தொழில் பழகி இப்போது கொம்பனியில் இருக்கும் ஜெரிசன் பக்கத்தில் வந்து குந்தினான்.

"என்னக்கா, ஓம்தானே? சின்ன வேலை, ஆருக்கும் தெரியாது."

"உந்தப் படத்திலை ஆரடா செத்தது?"

"கதாநாயகன்ரை தகப்பன்."

"எனக்கு ஒருத்தரும் செத்தமாதிரித் தெரியேல்லை. விரலிலை கை வைக்கக்கூடாதெண்டு போய்ச் சொல்லு."

அவன் எழும்பவில்லை. "அக்கா, றொபின் அண்ணையே அதை வெட்டத்தான் நிண்டவர். வேறை ஷொட் இருக்கேல்லை, அதாலை விட்டவர். பாக்க வெக்கமாக் கிடக்கெண்டு எனக்குச் சொன்னவர்."

"எனக்குச் சொல்லேல்லையே."

"உங்களுக்குத்தான் அது நல்லாப் பிடிச்சிருந்ததே."

மறுபடி இருட்டு. பொய் சொல்கிறானோ, இல்லை, இவனுக்குப் பொய் வராது… வேண்டாமென்று சொல்லியாயிற்று, இனி மாற்றப்போவதில்லை, ஆனால் அது யாருடைய வேண்டாம்? பள்ளிக்கூட மண்டபத்தில், கோயில் வீதியில், எங்கே படத்தைப் போட்டாலும் செத்தவீடு வரும்போது றொபின் எழும்பி வெளியே போவான், அழுவதை மறைக்கத்தான் போகிறானென்று நினைத்து அவள் ஒருமுறைகூடப் பின்னால் போய்ப் பார்த்ததில்லை…