அக்காவைப் பற்றிய கவிதை

1950களில் ஒரு வருஷம் சான் பிரான்சிஸ்கோ நகரசபைக்குக் கவிதையைப் பற்றி ஒரு புகார் வந்தது. கொண்டுவந்தவர் உறுப்பினர் ப்ரூவிட். நார்த் பீச் பகுதியில் டாரபெல்லா நடத்தும் காபிக் கடையில் தாடிக்காரர்களும் கால்சட்டை போட்ட பெண்களும் கூடிக் கவிதை படிக்கிறார்கள், நாட்டையும் குடும்பத்தையும் சந்தி சிரிக்க வைக்கிறார்கள், ஆகவே கடையின் உரிமத்தைப் பிடுங்க வேண்டும் என்றார். அதற்கு அவர் எடுத்துக் காட்டியது மில்லா வாசெக்கின் கவிதையை.

மில்லா ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் தட்டச்சு வேலை பார்த்தாள். அங்கே யாரும் எதுவும் பேசக்கூடாது. பகலெல்லாம் அடைத்து வைத்த வாய் சாயங்காலம் டாரபெல்லாவின் கடையில்தான் திறக்கும். அந்தக் கவிதை அவளுடைய அக்கா ஹெட்விக்கைப் பற்றியது. ஹெட்விக் கிளைட் என்ற கார் வியாபாரியைக் கட்டிக்கொண்டு, ஊருக்கு வெளியே ஒரே அச்சில் வார்த்தது போன்ற வீடுகளில் ஒன்றில் இருந்தாள்.

புகாரும் கவிதையும் செய்தித்தாளில் வந்ததும் மில்லாவின் வேலை போயிற்று. மறுநாள் ஹெட்விக் போன் செய்தாள்.

"ஏண்டி, அந்த அக்கா நான்தானே?"

"ஆமாக்கா" என்றாள் மில்லா.

"கிளைட் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. எழுத உனக்கு வேற ஆளே கிடைக்கலையா?"

பட்டென்று போனை வைத்துவிட்டாள். வேலை போனதற்கு வராத அழுகை மில்லாவுக்கு அப்போது வந்தது.

விசாரணை நாளில் நகரசபை மண்டபம் நிரம்பி வழிந்தது.

"பயமா இருக்கா, பொண்ணு?" என்று டாரபெல்லா காதருகே கேட்டார்.

"ஆமா."

"எனக்கும்தான். கடைய மூடுனா நான் மீன் விக்கப் போயிருவேன். நீ மட்டும் குரல இறக்கிராத."

ப்ரூவிட் எழுந்தார். "நம்ம வீட்டுப் பெண்கள் ஒவ்வொருத்தரையும் அவமானப்படுத்துற எழுத்து இது. எழுதுன அம்மாவே சபைக்கு முன்னால வாசிக்கட்டும். அப்பவாவது வெட்கம் வருதான்னு பாக்கலாம்."

மில்லா முன்னால் போய் நின்றாள். தாளை விரித்து நிமிர்ந்து பார்த்தாள். நடு வரிசையில் ஹெட்விக். பக்கத்தில் அவள் தெருவில் குடியிருக்கும் பெண்கள், தேவாலயத்துக்குப் போவது போலத் தொப்பியும் கையுறையுமாக. தனக்கு எதிராகச் சாட்சி சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று மில்லா நினைத்தாள். ஆனாலும் குரலை இறக்கவில்லை.

*நாளைக்கு வேண்டியது குளிர்பெட்டியில் இருக்கிறது,*
*நாளை மறுநாளைக்கும் இருக்கிறது.*
*இன்றை மட்டும் எங்கே வைத்தேனென்று*
*தேடிக்கொண்டிருக்கிறாள் அக்கா.*
*அணுகுண்டு விழுந்தால் மேசைக்கடியில் ஒளி*
*என்கிறது அரசாங்கம்.*
*மேசையைத் துடைத்துவிட்டு ஒளியவா*
*என்று கேட்கிறாள் அக்கா.*

எங்கோ ஒரு பெண் குபுக்கென்று சிரித்தாள். அது வரிசை வரிசையாகப் பரவியது. தலைவர் சுத்தியலைத் தட்டினார். தட்டிய கையோடு கைக்குட்டையால் தன் வாயையும் மூடிக்கொண்டார்.

"சிரிக்கிற விஷயமா இது?" என்று ப்ரூவிட் கத்தினார். "இதக் கேட்டு எந்தக் குடும்பப் பெண்ணுக்காவது மனசு நோகாம இருக்குமா?"

ஹெட்விக் எழுந்தாள். "எனக்கு நொந்துச்சு, சார்."

ப்ரூவிட்டின் முகம் மலர்ந்தது. "சொல்லுங்கம்மா, தைரியமாச் சொல்லுங்க."

"அந்த அக்கா நான்தான். படிச்சப்ப இவளக் கொன்னு போடலாமான்னு இருந்துச்சு. சோறு எறங்கல. அப்புறம் யோசிச்சேன், பொய்யா இருந்தா ஏன் இப்பிடிச் சுடுதுன்னு. பக்கத்து வீட்டு டோரிஸ்கிட்டக் காட்டுனேன். அவ அடுப்படியிலயே உக்காந்து அழுதா. எதிர்வீட்டுக்காரி கேட்டு வாங்கிட்டுப் போனா. இப்ப எங்க தெருவுல பைபிளுக்கு அடுத்து இதுதான் கை மாறுது."

ப்ரூவிட் குறுக்கே பேச வாயைத் திறந்தார். ஹெட்விக் விடவில்லை.

"மனச நோகடிக்கிறது குத்தம்னா மொதல்ல எங்க பாதிரியாரப் பிடிங்க, சார். ஞாயித்துக்கிழமை தவறாம அவரும் அதத்தான் செய்றாரு!"

கூரை இடிந்து விழும்போல மண்டபம் சிரித்தது. வாக்கெடுப்பில் கடையை மூடக் கை தூக்கியவர் ப்ரூவிட் ஒருவர்தான். அவர் கையும் பாதியில் தயங்கி நின்றது.

மில்லா ஓடிப்போய் அக்காவைக் கட்டிக்கொண்டாள். "எம்மேல கோவமில்லையா?"

"நிறைய இருக்கு. அத வீட்ல வச்சுக்கலாம். இப்ப அந்தக் கடையக் காட்டு."

அன்று சாயங்காலம் டாரபெல்லாவின் கடையில் கால் வைக்க இடமில்லை. தொப்பிக்காரப் பெண்கள் தாடிக்காரர்களோடு தோளிடித்து உட்கார்ந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே தெருவரை ஆட்கள் நின்றார்கள். ஹெட்விக் கடைப் போனை எடுத்துக் கணவனைக் கூப்பிட்டாள்.

"ஆமா, நான்தான். வர நேரமாகும். முட்டை பொரிக்கத் தெரியுமில்ல? தெரியலைன்னா இன்னிக்குக் கத்துக்கோங்க."

பிறகு முன்வரிசையில் போய் உட்கார்ந்து கையுறைகளைக் கழற்றினாள். தாளுக்குள்ளேயே முணுமுணுத்து வாசிக்கத் தொடங்கிய ஒரு தாடிக்காரரைப் பார்த்து அதட்டினாள்:

"சத்தமாப் படிங்க. தெருவுல நிக்கிறவங்களுக்கும் கேக்கணும்!"