வெளிச்சம் நிற்கும்வரை

விமான நிலையத்திலிருந்து கலகெதர தாண்டும்வரை பஸீஹா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். வாப்பாவை அடக்கிய மூன்றாம் நாள்தான் ஜெர்மனியிலிருந்து வந்து இறங்கினாள் என் தங்கச்சி. அங்கே எக்ஸ்ரே வெளிச்சம் பாய்ச்சி அணுக்களைப் படமெடுக்கும் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. அவளை வேனில் திகனைக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

"நானா, வீடியோ கோல் ஒண்டு எடுத்து வாப்பாட மொகத்தக் காட்ட ஏலாமப் போச்சா?" என்றாள் கடைசியில்.

எனக்குச் சுருக்கென்றது. "உம்மா விடல்ல. 'புள்ள எக்ஸ்ரேக்குப் பக்கத்துல நிக்கிது, இந்த நேரம் மவ்த்துச் செய்தி சொன்னா கை தடுமாறும், உசிருக்கு ஆபத்து, வெளிச்சம் நிக்கட்டும்' எண்டு என்ட போனப் பறிச்சு வெச்சிட்டாங்க. அதுக்குள்ள அஸர் தொழுகைக்கு நேரமாகிட்டு. மையத்த அடக்காம வெச்சிட்டு ஈக்க ஏலுமா?"

உம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. ஆஸ்பத்திரியில் வாப்பாவுக்கு எக்ஸ்ரே எடுத்தபோது எங்களை வெளியே விரட்டியதை அவர் கண்டவர். இவளோ, தன் வெளிச்சம் அதைவிடக் கோடி மடங்கு பலம் என்று பெருமையடித்தவள். மேலே கேட்டால், "உங்களுக்கு வெளங்காது உம்மா" என்று வெட்டிவிடுவாள். படித்தவள் அல்லவா!

"யா அல்லாஹ்!" நெற்றியில் அடித்துக்கொண்டாள். "வெளிச்சம் வார எடம் வேற, நாங்க ஈக்கிற அறை வேற. நடுவுல இவ்வளவு பெரிய சுவர். நான் டீ குடிச்சிட்டு ஸ்கிரீனப் பாத்துட்டு ஈந்தேன். போன் மேசையிலேயே கெடந்திச்சு!"

பிறகு, கேட்காமலே சொன்னாள். கண் சிமிட்டும் நேரத்தைக் கோடி கோடியாகக் கூறுபோட்டால், அதில் சில துணுக்கு நேரம்தான் அந்த வெளிச்சமாம். அதற்குள் அணுவின் உள்சுற்றில் இருக்கும் இலத்திரன்களை முதலில் பிடுங்கி எறிந்துவிடுமாம். வெளிச்சுற்று நிற்கும், உள்ளே வெறுமை. அப்புறம் விழும் வெளிச்சம் பெரும்பாலும் பிடிபடாமல் ஊடே போய்விடுமாம்.

"அணுவெல்லாம் செதற முந்தி படம் எடுத்திருவோம் நானா. ஒரு அணுட கடைசி நேரத்தையே பாக்கிறேன். வாப்பாவத்தான் பாக்கல்ல."

அழுதாள். "இண்டைக்கு உம்மாட்ட கேக்கத்தான் போறேன்" என்றாள். அவள் கோபம் எனக்குத் தெரியும்.

உம்மா, கணவனை இழந்தவள் வெளியே வராமல் இருக்கும் இத்தாவில், வெள்ளைச் சாரியோடு அறைக்குள் இருந்தார். பஸீஹாவைக் கண்டதும் அவள் இரண்டு கைகளையும் பிடித்து, விரல் விரலாகத் தடவிப் பார்த்தார்.

"ஒனக்கு ஒண்டும் ஆகல்லியே மகள்? அண்டைக்கு முழுக்க ஒனக்குத்தான் துஆ கேட்டேன். கோல் எடுக்காம விட்டது சரிதானே? செல்லு."

பஸீஹா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சரிதான் உம்மா. கோல் வந்திருந்தா என்ட கை தடுமாறித்தான் ஈக்கும்."

"அல்ஹம்துலில்லாஹ்!" உம்மாவின் முகம் தெளிந்தது. "வாப்பாட மொகம் எப்படி ஈந்திச்சு எண்டு நான் செல்றேன், இரி."

நெற்றியிலிருந்து தொடங்கிச் சொன்னார். பஸீஹா சின்னப் பிள்ளையைப் போல வாய் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று உம்மாவிடம் அந்தப் போனை நான் விட்டுக்கொடுத்திருக்கவே கூடாது.