இருபத்தெட்டு விநாடி

எனக்கு எதிலும் அவசரம். எங்கள் பல் மருத்துவக் கல்லூரி ஆய்வக உதவியாளருக்கு எதிலும் அவசரமில்லை. அவருக்கு ‘நிதானம்’ என்று பெயர் வைத்ததே நான்தான். முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் சிரித்துக்கொள்வார்.

பல் அடைக்கும் சிமெண்டில் நுண்ணிய சிலிக்கா தூளைச் சேர்த்தால் வலு கூடுமா என்று எட்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். பொடியையும் திரவத்தையும் கண்ணாடிப் பலகையில் குழைத்து, அச்சில் அமுக்கி, உடம்புச் சூட்டுத் தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, மறுநாள் இயந்திரத்தில் நசுக்குவோம். தூள் சேர்த்தது நூற்றைம்பது மெகாபாஸ்கல் அழுத்தம்வரை தாங்கியது. சேர்க்காதது நூற்றுப்பத்திலேயே நொறுங்கியது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

திங்கட்கிழமை முதல் நோயாளிகளுக்கு வைத்துப் பார்க்க அனுமதியும் வந்துவிட்டது. முதல் ஆள் நிதானத்தின் அக்கா. உடைந்த கடைவாய்ப் பல்லில் தற்காலிக அடைப்போடு, இரண்டு மாதமாக ஒரே பக்கமாக மென்று காத்திருந்தார். புது சிமெண்டைப் பற்றித் தம்பி அவ்வளவு பெருமை பேசியிருந்தார்.

புதன்கிழமை கதவிடுக்கில் என் விரல் நசுங்கியது. அன்று தூள் சேர்த்ததையும் நிதானமே குழைத்தார். மறுநாள் நசுக்கினால் தொண்ணூற்றைந்து.

“என்னத்தைக் கலக்கினீங்க? எட்டு மாச உழைப்பு ஒரே நாள்ல பாழ்.”

அவர் கோபப்படவில்லை. “எப்பவும்போலத்தான் கலக்கினேன் டாக்டர். தூள் போட்டதை எப்பவும் நீங்கதான் குழைப்பீங்க, சாதாரணத்தை நான். ஒரு தடவை மாத்திப் பாப்பமா?”

விரல் கட்டோடு சாதாரண சிமெண்டைக் குழைத்தேன். அவர் கடிகாரம் பிடித்தார். இருபத்தெட்டு விநாடி. அவருக்கு ஐம்பது ஆகும். அதற்குள் சிமெண்ட் பளபளப்பு போய் இறுகத் தொடங்கிவிடும். இறுகும்போது குழைத்தால் வலு போய்விடும்.

வெள்ளிக்கிழமை அந்தச் சாதாரண சிமெண்டும் நூற்றைம்பதில்தான் உடைந்தது. தூள் வலுவைக் கூட்டவே இல்லை. இறுகுவதை இன்னும் சீக்கிரமாக்கியது, அவ்வளவுதான். எட்டு மாதமாக நான் அளந்தது எங்கள் இருவரின் கை வேகத்தை.

வாயை மூடிக்கொண்டால் வெளியே யாருக்கும் தெரியாது. ஒரு கணம் அப்படித்தான் நினைத்தேன். இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது. நிதானம் அச்சுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“முடிவு தப்புன்னு எழுதிக் குடுத்துடறேன்” என்றேன்.

“அக்காகிட்ட யாரு சொல்றது?”

திங்கட்கிழமை நானே சொன்னேன். அக்கா நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டார்.

“அப்ப ரெண்டு மாசமா நான் ஒரு பக்கமா மென்னது எதுக்கு?”

“என் தப்புக்குத்தான். பழைய சிமெண்டையே வைக்கிறேன். சரியா குழைச்சா அது நல்லாத்தான் இருக்கு.”

“வாயத் தொறந்தாச்சு. ஏதோ ஒண்ண வெச்சு விடுங்க.”

பல்லைச் சுத்தம் செய்தேன். பலகையை எடுக்கப் போனால், நிதானம் என் விரல் கட்டைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார்.

“அக்கா பல்லு, டாக்டர். நான் கலக்கறேன்.”

கொடுக்க மனமில்லை. கொடுத்தேன். கடிகாரத்தை நான் பிடித்தேன். அவர் நெற்றி வேர்த்தது, கை பறந்தது. பளபளப்பு மாறாத சிமெண்ட் என் முன்னால் வந்தபோது இருபத்தெட்டு விநாடிதான் ஆகியிருந்தது.

அடைத்து முடித்து அக்காவை அனுப்பிய பிறகு கேட்டேன்.

“இந்த வேகம் இத்தனை நாள் எங்க போச்சு?”

“சீக்கிரம் முடிக்கணும்னு நீங்க ஒரு நாளும் சொல்லலையே டாக்டர்” என்றார், பலகையைத் துடைத்தபடி. “நிதானம்னு கூப்பிட்டீங்க. அதுதான் உங்களுக்குப் பிடிச்சிருக்குன்னு நினைச்சேன்.”