நிமிர்ந்து நின்றால் தெரியாதவர்

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தையல்காரியின் பார்வையிலிருந்து செங்குத்தான கோடுகள் எல்லாம் போய்விட்டன. படுத்த கோடுகள் இருந்தன, சாய்ந்தவையும் இருந்தன. கதவின் மேல்சட்டம் அந்தரத்தில் நின்றது. பக்கச் சட்டங்களைக் காணோம். தெருவில் விளக்குக் கம்பங்கள் இல்லாமலே மின்கம்பிகள் போய்க்கொண்டிருந்தன. மதியம் சாப்பிட வந்த கணவரின் குரல் மட்டும் வந்தது.

“எங்க நிக்கிறீங்க?”

“உன் மூக்குக்கு முன்னாடிதான்.”

செருப்பைக் கழற்றக் குனிந்தபோது முழுசாகத் தெரிந்தார். நிமிர்ந்ததும் மறைந்தார்.

கண் டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார். “கண்ணுல ஒரு குறையும் இல்லம்மா. பாக்குறதைப் பிரிச்சுப் புரிஞ்சுக்கிறது பின்மண்டையில இருக்குற மூளை. அங்க ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு சாய்வுதான் பிடிக்கும். நிக்கிற கோட்டுக்கு ஒரு கூட்டம், படுத்த கோட்டுக்கு ஒரு கூட்டம், நடுவுல ஒவ்வொரு சாய்வுக்கும் ஒண்ணு. உங்களுக்கு நிக்கிற கோட்டுக் கூட்டம் மட்டும் வாயை மூடிக்கிச்சு.” மருந்து எதுவும் எழுதவில்லை.

தலையைச் சாய்த்துப் பார்க்கும்படி மகள் சொன்னாள். சாய்த்தால் அப்பா தெரிந்தார். ஆனால் அந்தச் சாய்வில் இருந்த வேறு ஏதாவது காணாமல் போயிற்று. அப்படித்தான் ஒருநாள் மாடிப்படியின் கைப்பிடி மறைந்து, தையல்காரி உருண்டு விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள்.

கணவர் கொத்தனார். யாருக்கும் வளைந்து கொடுக்காதவர் என்று பேர் எடுத்தவர். சண்டை வந்தால் வாரக்கணக்கில் பேசமாட்டார். கட்டுப்போட்ட கையோடு அவள் சொன்னாள்: “முகம் தெரியாட்டிகூடப் பரவாயில்ல. நீங்க கோவமா இருக்கீங்களா இல்லையான்னே தெரியலையே, நான் என்ன பண்ணுவேன்?”

மறுநாள் காலையில் அவர் சமையலறை வாசலில் உடம்பை வலதுபக்கமாகச் சாய்த்தபடி வந்து நின்றார்.

“இப்ப தெரியுதா?”

“இன்னும் கொஞ்சம்.”

சாய்ந்தார்.

“ஆங். ஏன், சவரம் பண்ணலையா?”

எந்த மனிதனும் விழுந்துவிடும் சாய்வு அது. அவர் விழவில்லை. அப்படியே வேலைக்குப் போனார், அப்படியே சாரத்தில் ஏறினார். கட்டிய சுவர்கள் நேராகத்தான் இருந்தன. முதல் வாரம் தெருவே வந்து வேடிக்கை பார்த்தது, பிறகு அலுத்துப்போயிற்று. பேருந்தில் பக்கத்துச் சீட்டுக்காரர்கள் தாமாகவே கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டார்கள். வருடங்கள் ஓடின. மகளுக்குக் கல்யாணமானபோது படம் எடுக்க வந்தவர் மட்டும் முணுமுணுத்தார்.

ஒரு மழைக்காலத்தில் துணி வெட்டிக்கொண்டிருந்த தையல்காரிக்கு ஜன்னல் கம்பிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அன்று மாலை கணவர் வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தார். அவள் ஏற இறங்கப் பார்த்தாள்.

“யாரோ மாதிரி இருக்கீங்க.”

“எனக்கும் ஒருமாதிரியாத்தான் இருக்கு” என்று அவர் பழையபடி சாய்ந்துகொண்டார்.

அவருடைய சட்டைகளுக்கு வலதுபக்கம் இரண்டு விரல் குறைத்துத்தான் இன்றும் அவள் கீழ்மடிப்பு தைக்கிறாள்.