ஓட்டைப் பிரித்தவள்

நெடுஞ்சாலை ஊருக்குள் திரும்புகிற வளைவில் டயரக்காவின் பஞ்சர் கடை இருந்தது. தகரக் கூரை, காற்றடிக்கும் கம்ப்ரஸர், டியூபை முக்கிப் பார்க்கச் சிமெண்டுத் தொட்டி, வாசலில் இடுப்புயரத்துக்கு அடுக்கிய பழைய டயர்கள். லாரிச் சக்கரத்தைக்கூட ஆள் துணை இல்லாமல் கழற்றி மாட்டுவாள். அது அவள் புருஷனின் கடை இல்லை. புருஷன் சாயப் பட்டறையில் வேலை பார்த்தான். பட்டறைக் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவனை மேலே தூக்கியபோது உயிர் இல்லை. அதற்குப் பிறகுதான் அவள் டயரை நெம்பும் இரும்பு லிவரைக் கையில் எடுத்தாள்.

உடலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பட்டறை முதலாளியின் ஆள் முந்திக்கொண்டு வந்து நின்றிருந்தான். டாக்டரிடம் மாரடைப்பு என்று எழுதச் சொன்னான். ஆஸ்பத்திரி மேலிடத்திலிருந்தும் அதையே சொன்னார்கள். பணியில் இருந்த நர்ஸ் மட்டும் அசையவில்லை. "விஷக்காத்துல மூச்சு முட்டிச் செத்த ஆளு. யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன்" என்றார். சொன்னார், வேலை போயிற்று. ஆளுங்கட்சிக்காரர் ஒருநாள் டயரக்காவின் வீட்டுக்கு வந்து, "போனவர் போயிட்டார், பெரிய இடத்தைப் பகைச்சுக்காதேம்மா" என்று ஆறுதல் சொன்னார். மறுநாள் எதிர்க்கட்சிக்காரர் வந்து அதே ஆறுதலை அதே வார்த்தையில் சொன்னார். இரண்டு பேரும் சேர்ந்து ஒத்திகை பார்த்துவிட்டு வந்தார்களோ என்று அவளுக்குத் தோன்றியது.

அந்த நர்ஸம்மா மாநிலத் தேர்தலில் ஒரு சின்னக் கட்சியின் சார்பில் நின்றார். சின்னம் சீப்பு. டயரக்கா கடையைப் பாதி நாள் மூடிவிட்டு வீடு வீடாகப் போனாள்.

"தலையில ஒரு முடிகூட இல்லாதவன் எல்லாம் சீப்புக்கு எப்படிக்கா போடுறது?" என்று டீக்கடையில் ஒரு மொட்டைத்தலையர் கேட்டார்.

"முளைக்கும்னு நம்பிப் போடு" என்றாள். கடையே சிரித்தது. அந்தச் சிரிப்பில் அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

அவளுடைய தம்பிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அம்மா செத்த பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். இப்போதும் ஒரு வேளைச் சாப்பாடாவது அவள் கையால்தான். ஆனால் வேலை பார்ப்பது மரக்கடைக்காரரிடம். மரக்கடைக்காரர்தான் எதிர்க்கட்சி வேட்பாளர். போஸ்டர் ஒட்டுவதிலிருந்து கூட்டத்தில் கலாட்டா வந்தால் கை வைப்பது வரை தம்பியின் பொறுப்பு.

"நர்ஸம்மா ஜெயிக்கப் போறதில்லக்கா. அது உனக்கே தெரியும்" என்றான் தட்டின் முன் உட்கார்ந்து.

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு ஓட்டை வீணடிக்கிற? நீங்க பிரிக்கிற ஓட்டுல ஆளுங்கட்சிதான் உள்ள பூந்துடும்."

"உன் மாமா பொணத்தைப் பாத்துட்டு நெஜத்தைச் சொன்னது அவங்க ஒருத்தங்கதான். ஓட்டுப் போட எனக்கு வேற காரணம் வேணுமாடா? சாப்பிடு, ஆறுது."

தம்பி சாப்பிட்டான். வாக்குப்பதிவு அன்று அக்கா வாக்குச்சாவடிக்குள் சீப்புச் சின்னத்தின் முகவராக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததையும், வெளியே மரக்கடைக்காரரின் ஆட்கள் அதைப் பார்த்துக் காறித் துப்பியதையும் அவன் கவனித்தான்.

தம்பி பயந்ததுதான் நடந்தது. மரக்கடைக்காரர் சில நூறு ஓட்டில் தோற்றார். நர்ஸம்மா சில ஆயிரம் ஓட்டு வாங்கியிருந்தார். டயரக்கா உட்கார்ந்திருந்த சாவடியில் சீப்புக்குத்தான் முதலிடம்.

முடிவு வந்த அன்று சாயங்காலம் மரக்கடைக்காரர் தன் கிடங்கில், அறுத்த பலகைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். தம்பியைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் அறைந்தார். ஓர் அறை இல்லை. தம்பி சுவரோடு சாயும் வரை அறைந்தார். உதடு கிழிந்து மரத்தூளில் ரத்தம் சொட்டியது.

"உன் அக்கா பிச்சுக் குடுத்த ஓட்டுலதான்டா நான் குப்புற விழுந்தேன். சோறு என்கிட்ட, விசுவாசம் அங்கயா? அந்தக் கடை நாளைக்கு இருக்கக் கூடாது. நீ போறியா, கட்டையை மட்டும் அனுப்பட்டுமா?"

கட்டை என்பவன் மரம் அறுக்கிறவன். ஆள் குள்ளம், கழுத்தே தெரியாது. யாரை அடிக்கச் சொன்னாலும் ஏன் என்று கேட்க மாட்டான். அவன் தனியாகப் போனால் என்ன நடக்கும் என்று தம்பிக்குத் தெரியும். தான் கூடப் போனால் சாமானை உடைப்பதோடு முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டான்.

"நானே போறேன்" என்றான்.

மறுநாள் காலையில் டயரக்கா ஒரு லாரிச் சக்கரத்தைத் தரையில் போட்டு, லிவரால் டயரை நெம்பிக்கொண்டிருந்தாள். தம்பி முன்னால் வந்தான். பின்னால் கட்டையும் இன்னும் இரண்டு பேரும். கட்டையின் கையில் சம்மட்டி. இன்னொருவன் கையில் பெட்ரோல் கேன். லாரி டிரைவர் அவர்களை ஒரு முறை பார்த்தான். "டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிவிட்டு நடையைக் கட்டினான்.

"அக்கா, வீட்டுக்குப் போ" என்றான் தம்பி.

"உதட்டுல என்னடா?"

"அதை விடு. நீ இப்பக் கெளம்பு. கேள்வி கேக்காதே."

"யாருடா அடிச்சது?"

அவன் பதில் சொல்வதற்குள் கட்டை சம்மட்டியைத் தொட்டியில் இறக்கினான். சிமெண்டு பிளந்து தண்ணீர் கடை முழுக்கப் பாய்ந்தது. அடுத்த அடி கம்ப்ரஸரின் மீது. குழாய் பிய்ந்து, காற்றின் வேகத்தில் சீறிக்கொண்டு இங்கும் அங்கும் துள்ளியது. கூட வந்த ஒருவனின் காதோரம் பட்டுத் தோலை உரித்தது. அவன் அலறிக்கொண்டு டயர் அடுக்கைக் காலால் உதைத்தான். டயர்கள் உருண்டு சாலைக்கு ஓடின. எதிரே வந்த வண்டிகள் பிரேக் போட்டு நின்றன. யாரும் இறங்கவில்லை.

கட்டை சம்மட்டியைப் போட்டுவிட்டுக் கேனை வாங்கி மூடியைத் திருகினான். பெட்ரோல் நெடி எழுந்தது.

"கட்டை, அது வேணாம். உடைச்சா போதும்னுதானே பேசினோம்" என்றான் தம்பி.

"நீ பேசின. நான் பேசல."

மிச்சமிருந்த டயர்களின் மேல் அவன் பெட்ரோலை ஊற்றத் தொடங்கியபோது டயரக்கா லிவரால் ஓங்கி அடித்தாள். அடி அவன் மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு நொறுங்குகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கேன் கீழே விழுந்தது. கட்டை கையைத் தூக்கிப் பார்த்தான். கை வேறு திசையில் தொங்கியது. அவள் லிவரை மறுபடி ஓங்கினாள். இந்த முறை குறி தலை. புருஷனைத் தொட்டியிலிருந்து தூக்கிய நாள் முதல் உள்ளே கிடந்தது எல்லாம் அந்தக் கைக்கு வந்துவிட்டது.

"வேணாங்கா! கொலையாயிடும்!" என்று தம்பி பாய்ந்து, பின்னாலிருந்து அவளுடைய இரண்டு கைகளையும் சேர்த்து இறுக்கிக் கட்டிப்பிடித்தான்.

கட்டைக்கு அந்த நேரம் போதுமாக இருந்தது. கீழே கிடந்த ஜாக்கிக் கம்பியை இடது கையால் எடுத்து அவள் முகத்தில் அடித்தான். அவளால் கையை உயர்த்தித் தடுக்க முடியவில்லை. அக்காவின் தாடை உடைந்த சத்தம் தம்பியின் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. அவள் வாயிலிருந்து தெறித்த ரத்தம் அவன் கன்னத்தில் சூடாக விழுந்தது.

பிடி தளர்ந்தது. அவள் அவன் மார்போடு வழுக்கித் தண்ணீரில் சரிந்தாள்.

பிறகு நடந்தது சண்டை இல்லை. தம்பி லிவரை எடுத்துக் கட்டையின் முழங்காலில் அடித்தான். விழுந்ததும் தோளில் அடித்தான். கையால் தலையை மறைத்தபோது அந்தக் கையில் அடித்தான், கை விலகியதும் தலையில் அடித்தான். மற்ற இரண்டு பேரும் ஓடிவிட்டார்கள். கட்டை முதலில் கெட்ட வார்த்தையில் கத்தினான், பிறகு அம்மாவைக் கூப்பிட்டான், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. டயரக்கா ரத்தமும் தண்ணீருமாக ஊர்ந்து வந்து தம்பியின் காலைக் கட்டிக்கொண்டாள். பேச வாய் இல்லை. தொண்டையிலிருந்து ஒரு சத்தம்தான் வந்தது. ரத்தத்தில் வழுக்கி லிவர் அவன் கையை விட்டுப் போன பிறகுதான் அவன் நின்றான்.

யாரோ சொல்லி நர்ஸம்மா ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். தாடை தொங்கக் கிடந்த டயரக்காவைப் பார்த்தார். அசைவில்லாமல் கிடந்த கட்டையைப் பார்த்தார். நேராகக் கட்டையிடம் போய் மண்டியிட்டு, அவன் வாய்க்குள் விரலை விட்டு ரத்தத்தை வழித்தார்.

"அவனையா? என் அக்காவைப் பாருங்க!" என்று தம்பி கத்தினான்.

"அவளுக்கு மூச்சு வருது. இவனுக்கு நின்னுக்கிட்டிருக்கு. வந்து தலையைப் பிடி."

தம்பி அசையவில்லை.

"பிடிடா!"

அவன் உட்கார்ந்து, தான் உடைத்த தலையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டான். டயரக்கா தரையில் கிடந்தபடி அதைப் பார்த்தாள். எந்தப் பெண்ணுக்காக ஊரெல்லாம் அலைந்தாளோ, அந்தப் பெண் அவளைத் தாண்டிப் போய், அவள் முகத்தை உடைத்தவனின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் நர்ஸம்மா மேல் வந்த ஆத்திரம் கட்டையின் மேல்கூட வரவில்லை.

ஆஸ்பத்திரியில் தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். வாயைத் திறக்க முடியாது. கூழும் பாலும் குழாயில் உறிஞ்ச வேண்டும். அந்த நிலையில் ஒருநாள் காலை வார்டுக்குள் திபுதிபுவென்று கூட்டம் நுழைந்தது. தேர்தலில் ஜெயித்த ஆளுங்கட்சி வேட்பாளர் வந்திருந்தார். எப்போதும் பல் தெரியச் சிரிப்பதால் ஊரில் அவருக்குப் பல்லழகர் என்று பெயர். கையில் பூச்செண்டு, பின்னால் கேமராக்கள்.

"தோத்த வெறியில ஒரு பொண்ணை இப்படி அடிச்சிருக்காங்க. இந்த அம்மாவோட துணிச்சலாலதான் இன்னைக்கு நாங்க ஜெயிச்சு நிக்கிறோம்" என்றார் கேமராவைப் பார்த்து. "அவங்களால பேச முடியல. அவங்க சார்பா நானே சொல்லிடறேன்..."

டயரக்கா பக்கத்தில் இருந்த எவர்சில்வர் சொம்பை எடுத்து எறிந்தாள். தூரம் அதிகமில்லை. புருவம் பிளந்து ரத்தம் மூக்கு வழியாக இறங்கி வெள்ளைச் சட்டையில் வழிந்தது. பல்லழகர் வாயை மூடியிருந்ததை ஊர் அன்றுதான் பார்த்தது. ஜெயித்த நேரத்தில் வம்பு எதற்கு என்று புகார் கொடுக்காமல் போய்விட்டார். பூச்செண்டு கட்டிலுக்கடியில் கிடந்து அழுகியது.

போலீஸ் விசாரணைக்கு வந்தபோது தம்பியின் வக்கீல் முந்தி வந்து கெஞ்சினார். "அவர் உங்களைக் காப்பாத்தத்தானே வந்தார்? உங்க கையைப் பிடிச்சதை மட்டும் சொல்லாம விட்டுடுங்க." டயரக்கா கட்டிய பல்லுக்கு நடுவே, வார்த்தை வார்த்தையாக எல்லாவற்றையும் சொன்னாள். ஆளை முதலில் அடித்தவள் தான்தான் என்பதையும் சொன்னாள். தம்பி தன்னைப் பிடித்ததையும் சொன்னாள். விழுந்து கிடந்தவனை அவன் விடாமல் அடித்ததையும் சொன்னாள்.

கட்டை பிழைத்துக்கொண்டான். ஒரு கண்ணில் பார்வை போயிற்று, நடை இழுத்தது. தன்னை யாரும் அனுப்பவில்லை என்று கோர்ட்டில் சாதித்தான். மரக்கடைக்காரர்தான் அனுப்பினார் என்று தம்பி சொன்னான். "அது அவங்க குடும்பத் தகராறு, எனக்கு என்ன சம்பந்தம்?" என்றார் மரக்கடைக்காரர். அவர் மேல் வழக்கே பதிவாகவில்லை. தம்பிக்கும் கட்டைக்கும் சிறை.

டயரக்கா கடையை மறுபடி திறந்தாள். முகம் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. சிறைக்குப் பார்க்கப் போனபோதெல்லாம் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் தம்பி தலையைக் குனிந்தே நின்றான். ஒருநாள்தான் வாய் திறந்தான்.

"நான் பிடிச்சிருக்கக் கூடாதுக்கா."

"ஆமா" என்றாள். "பிடிக்கலைன்னா அவன் செத்திருப்பான். நான் உள்ள இருந்திருப்பேன். அதையும் யோசிச்சுப் பாத்துட்டேன். ஆனாலும் கண்ணை மூடினா உன் கைதான்டா ஞாபகம் வருது."

அவன் அழுதான். கொஞ்ச நேரம் விட்டாள்.

"இன்னொரு சேதி. யாராவது சொல்லி உனக்குத் தெரிய வேணாம்னு நானே சொல்றேன். உன் மரக்கடைக்காரர் ஆளுங்கட்சியில சேர்ந்துட்டாரு. மேடையில பல்லழகர் தோள்ல கை போட்டுக்கிட்டு நிக்கிறாரு."

தம்பி புரியாதவன் போலப் பார்த்தான். பிறகு நெற்றியைக் கம்பிவலையில் மோதினான். ஒரு தடவை, இன்னொரு தடவை. வலை அதிர்ந்தது. நெற்றித் தோல் கிழிந்து ரத்தம் வந்தது. காவலர்கள் இரண்டு பேர் அவனை அக்குளில் கைகொடுத்துப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்கள். "சாப்பிடுறானா அவன்?" என்று டயரக்கா அவர்களைப் பார்த்துக் கத்திக் கேட்டாள்.

வெளியே வாசலில் நர்ஸம்மா ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். யாரும் கூப்பிடாமலேயே வந்திருந்தார். கடையில் அடிதடி நடந்த நாளுக்குப் பிறகு இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதில்லை.

"அன்னைக்கு நீங்க என்கிட்டதான் முதல்ல வந்திருக்கணும்" என்றாள் டயரக்கா.

"வந்திருந்தா உன் தம்பி இன்னைக்குக் கொலைகாரன்."

"தெரியும். தெரிஞ்சும் ஆறல."

"ஆற வேணாம். ஏறு, வெயில் கொளுத்துது."

டயரக்கா உடனே ஏறவில்லை. சிறையின் சுவரைப் பார்த்துக்கொண்டு கோணிய தாடையைத் தடவியபடி நின்றாள். நர்ஸம்மா வண்டியைக் கிளப்பாமல் காத்திருந்தார். பிறகு அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து, தோளைத் தொடாமல், இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.