மார்ச்சைத் தாண்டாத மடிக்கணினி

கடிகாரம் பழுதுபார்ப்பவருக்கு அந்தத் தெருவில் பெண்டுலம் என்று பெயர். தொழிலுக்காக வைத்த பெயர் இல்லை. ஆம் என்றாலும் இல்லை என்றாலும் அவர் தலை இடமும் வலமும் ஒரே மாதிரி ஆடும். பதினெட்டு வருடம் குடும்பம் நடத்திய மனைவிக்கே அந்த ஆட்டத்துக்கு அர்த்தம் பிடிபடவில்லை.

அன்று மதியம் ஒன்றரை மணிக்கு அவர் தலை ஆடவே இல்லை. கடையின் உள்ளறையில், பழைய மடிக்கணினியின் முன்னால் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார்.

“சத்தம் வந்துடுச்சா?” என்று கேட்டுக்கொண்டே மனைவி உள்ளே வந்தாள். கழுத்தில் புது ஹெட்போன் மாலை மாதிரி தொங்கியது.

“வந்துட்டே இருக்கு.”

“எங்க வந்துட்டு இருக்கு?”

“வழியில.”

அன்று நான்கு மணிக்கு அவளுக்குத் தேர்வு. டாக்டர்கள் வாயால் சொல்லிப் பதிவுசெய்த நோயாளிக் குறிப்புகளைக் காதில் கேட்டுத் தட்டச்சு செய்கிற வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். அதற்காக ஆறு மாதம் பயிற்சி எடுத்திருந்தாள். சமைக்கும்போதும் காதில் யாராவது ஒரு டாக்டர் முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். தேர்வுக்கான மென்பொருள் போனில் ஓடாது, முதலில் ஏற்றிய கணினியில் மட்டும்தான் ஓடும். இன்று தவறவிட்டால் அடுத்த தேர்வு அடுத்த வருடம். வீட்டுக்குப் பக்கத்தில் கட்டடம் இடிக்கிறார்கள் என்பதால் கடையின் உள்ளறையில் உட்கார்ந்து எழுதுவதாக ஏற்பாடு.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது, நேற்று மாலை வரை. நேற்று மாலை பெண்டுலத்துக்குக் கை அரித்தது.

அந்தக் கணினியில் அவருக்கு ஒரு மென்பொருள் உண்டு. கைக்கடிகாரத்தை மைக்குக்கு அருகில் வைத்தால், அது டிக்கிடுவதைக் கேட்டு, ஒரு நாளைக்கு எத்தனை விநாடி முந்துகிறது, பிந்துகிறது என்று சொல்லும். நேற்று அதில் ஏதோ இரைச்சல் கேட்டது. போனில் ஒரு வீடியோவைப் பார்த்தார். கணினிக்கும் ஒலிக்கும் நடுவில் நின்று பேசிவைக்கிற டிரைவர் என்று ஒன்று இருக்கிறது, அதை அழித்துவிட்டு மறுபடி போட்டால் இரைச்சல் போய்விடும் என்று அதில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். முதல் பாதியை இவர் கச்சிதமாகச் செய்து முடித்தார். இரைச்சல் போய்விட்டது. கூடவே எல்லாச் சத்தமும் போய்விட்டது.

இரண்டாம் பாதிதான் இப்போது நடக்கிறது. அந்தக் கணினியில் இணையப் பக்கம் எதுவும் திறந்து வருடக்கணக்காகிறது. எதைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்று முரண்டு பிடிக்கும். வயதாகிவிட்டது, பிடிவாதம் இருக்கத்தான் செய்யும் என்று இவரும் விட்டுவிட்டார். அதனால் டிரைவரைப் போனில் இறக்கி, பென்டிரைவில் போட்டு, கணினியில் செருகினார். சொடுக்கினார். திரையில் ஒரு சிவப்பு வட்டம்.

‘இந்தக் கோப்பு சேதமடைந்துள்ளது அல்லது மாற்றப்பட்டுள்ளது. புதிதாக இறக்கிக்கொள்ளவும்.’

புதிதாக இறக்கினார். சிவப்பு வட்டம். கணினியை அணைத்துப் போட்டார். சிவப்பு வட்டம். பென்டிரைவை வாயால் ஊதிச் செருகினார். சிவப்பு வட்டம். நாலாவது முறை மிக மெதுவாக, குழந்தையைத் தூங்கவைப்பது போலச் சொடுக்கினார். அதற்கும் அதே வட்டம்.

“நான் ஒண்ணு கேக்கவா?” என்றாள் மனைவி. குரலில் வெயில் ஏறியிருந்தது. “போன வாரம் என்ன சொன்னீங்க? நீயும் காதுல மாட்டிக்கிட்டு உக்காந்துட்டா நான் யார்கிட்டப் பேசறதுன்னு சொன்னீங்கள்ல?”

“அது சும்மா வெளையாட்டுக்கும்மா.”

“வெளையாட்டுக்குச் சொன்னீங்க. இப்போ நெசமாவே காது கேக்காமப் பண்ணிட்டீங்க.”

“வேணும்னு யாராவது செய்வாங்களா?”

அவள் கழுத்திலிருந்த ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அதுதான் அவரைக் குடைந்தது. வேணுமென்று செய்யவில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனால் பரீட்சைக்கு முந்தின நாள் பார்த்து ஒரு மனிதனுக்கு ஏன் இரைச்சல் கேட்கவேண்டும்? யோசிக்க யோசிக்க அவருக்கே தன்மேல் சந்தேகம் வந்தது. மனசுக்குள் எவனாவது ஒருவன் தனியாகக் கடை நடத்துகிறானோ?

எதிர்க்கடையில் போன் விற்பவரைக் கூப்பிட்டார். அவர் வந்து, கணினியை மேலும் கீழும் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

“அண்ணே, இதுக்கு டிரைவர் போடறத விட மாலை போடலாம்.”

“தம்பி, அவ முன்னாடி இந்த மாதிரி ஜோக்கெல்லாம் வேணாம்.”

“கவலப்படாதீங்க அண்ணி. டவுன்லோடு பாதில அறுந்திருக்கும். நம்ம கடை லைன்ல இறக்கித் தர்றேன், பொன்னு மாதிரி வரும்.”

அவர் தன் கடைக் கணினியில் இறக்கினார். அங்கேயே திறந்தும் பார்த்தார். ‘நிறுவலாமா?’ என்று மரியாதையாகக் கேட்டது. மூடிவிட்டு, உறை பிரிக்காத புதுப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு கடைக்கும் நடுவில் எட்டு அடி நடைபாதை. இங்கே செருகினால், சேதமடைந்துள்ளது.

போன்கடைக்காரர் அதே பென்டிரைவை எடுத்துக்கொண்டு திரும்பப் போனார். “இங்க நல்லா இருக்குண்ணே!” என்று அங்கிருந்து கத்தினார். வந்தார். இங்கே சேதம். போனார். அங்கே நலம். மூன்று முறை நடந்தபின் அவர் நடைபாதையையே ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தார்.

“அளவு பாருங்க தம்பி. வர்ற வழியில எதாவது சிந்திருக்கும்.”

அளவைப் பார்த்தார்கள். அங்கே எத்தனை பைட்டோ, இங்கேயும் அத்தனை பைட். கடைசி இலக்கம் வரை ஒன்றுதான். சிந்தவில்லை, சிதறவில்லை, ஆனால் கெட்டுப்போயிருந்தது. போன்கடைக்காரர் தலையைச் சொறிந்தார். பெண்டுலத்துக்குச் சொறியத் தலைமுடி இல்லாததால் கன்னத்தைச் சொறிந்தார்.

“மணி என்ன ஆச்சு?” என்றாள் மனைவி.

இருவரும் பழக்கதோஷத்தில் சுவரைப் பார்த்தார்கள். சுவரில் பதினோரு கடிகாரங்கள். எல்லாம் பழுதுக்கு வந்தவை. ஒன்று ஏழரை என்றது, ஒன்று பன்னிரண்டு பத்து, ஒன்று போன செவ்வாய்க்கிழமையிலிருந்து இரண்டேகாலிலேயே நின்றிருந்தது. அந்தக் கடையில் கடிகாரம் சொல்வதை யாரும் நம்புவதில்லை. பெண்டுலமே, முள்ளைப் பார்த்தாலும் மணியைப் பார்க்காமலிருக்கப் பழகிவிட்டவர். கணினித் திரையின் மூலையிலும் மணி தெரியாது. அங்கே கடையின் மஞ்சள் ரசீதுச் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. மனைவி போனைப் பார்த்தாள்.

“மூணு இருபது.”

“சரி, அந்தப் பரீட்சை மென்பொருளாவது திறக்குதான்னு பாத்துடலாம்” என்றார் போன்கடைக்காரர். “அது ஓடலன்னா, சத்தம் வந்து என்ன பிரயோஜனம்?”

மனைவி அதை ஒரு வாரத்துக்கு முன்பே பென்டிரைவில் கொண்டுவந்து ஏற்றியிருந்தாள். தேர்வுக்கு ஒரு மணி நேரம் முன்புதான் திறக்கவேண்டும் என்று சொல்லியிருந்ததால் தொடவில்லை. இப்போது தொட்டாள். நீலநிறத்தில் ஒரு பக்கம் விரிந்தது. நடுவில் பெரிய எழுத்தில் இருந்தது:

‘வணக்கம். உங்கள் தேர்வு தொடங்க இன்னும் 1,487 நாட்கள் உள்ளன.’

மூவரும் அதை மனசுக்குள் ஒரு தரம் வாசித்தார்கள். அப்புறம் போன்கடைக்காரர் வாய்விட்டு வாசித்தார்.

“அண்ணி, அவசரமே இல்ல. நெறைய நேரம் இருக்கு.”

மனைவி சிரிக்கவில்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, கணவர் பக்கம் திரும்பினாள். “ஏங்க. இதுல இன்னைக்கு என்ன தேதி?”

பெண்டுலத்தின் தலை இடமும் வலமும் ஆடத் தொடங்கியது. பாதியில் நின்றது. முகம் வெளுத்து, அப்புறம் சிவந்து, அப்புறம் ஒரு நிறமும் இல்லாமல் போனது.

அவள் திரையின் மூலையில் இருந்த மஞ்சள் சீட்டைப் பிய்த்தாள். அதன் கீழே மணி ஒழுங்காக மூன்று இருபத்திரண்டு காட்டியது. தேதி மட்டும் மார்ச் ஒன்பது. நான்கு வருடத்துக்கு முந்தைய மார்ச்.

“இது யாரு பாத்த வேலை?”

“நான்தான்” என்றார் அவர். ரொம்பச் சின்னக் குரல்.

கதை இதுதான். அந்த டிக் டிக் மென்பொருளை முப்பது நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம், பிறகு வாங்கவேண்டும். அதை ஏற்றியது ஒரு மார்ச் முதல் தேதி. முப்பதாவது நாள் நெருங்கியபோது பெண்டுலத்துக்கு ஒரு யோசனை வந்தது. முள்ளைப் பின்னால் திருப்புவது அவருக்குப் புதிதா என்ன? கணினியின் தேதியைத் திரும்ப மார்ச் ஒன்றுக்குத் தள்ளினார். மென்பொருளும் நம்பியது. அன்றிலிருந்து மாதம் ஒரு முறை, சுவர்க் கடிகாரங்களுக்குச் சாவி கொடுக்கும் நாளில், இதற்கும் ஒரு திருகு திருகிவிடுவார். தலை யோசிக்காது, கை செய்துவிடும். நடுவில் ஒரு வாடிக்கையாளர் திரையைப் பார்த்து, ‘கடிகாரம் பாக்கறவர் கம்ப்யூட்டரே தப்புத் தேதியா?’ என்று கேட்டுவிட்டார். மானம் போயிற்று. அன்றே மஞ்சள் சீட்டு ஒட்டினார். சீட்டுக்குக் கீழே என்ன இருக்கிறதென்று அவரே மறந்துபோனார்.

போன்கடைக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “இப்பப் புரியுதுண்ணே! அந்த டிரைவர் போன வருஷம் செஞ்சது. அதுல கையெழுத்து மாதிரி ஒரு முத்திரை இருக்கும், தேதியோட. உங்க கம்ப்யூட்டர் கணக்குக்கு அது இன்னும் பொறக்கவே இல்ல. பொறக்காதவன் கையெழுத்த எப்படி நம்பும்? போலின்னு தள்ளிடுச்சு. இணையம் தொறக்காததும் இதனாலதான்.”

“அப்போ ஃபைல் நல்லாத்தான் இருந்துச்சா?”

“ஆரம்பத்துலேந்தே தங்கம். நாமதான் நடையா நடந்தோம்.”

பெண்டுலம் மவுஸைப் பிடித்து, தேதியைத் திறந்தார். விரல் சொடுக்காமல் நின்றது. அவளுக்குக் காரணம் புரிந்தது.

“மாத்தினா உங்க டிக் டிக் போயிடும்ல?”

“போகும். ஒரேயடியா.”

“அது இல்லாம வேலை?”

“எங்கப்பாவுக்கு என்ன கம்ப்யூட்டரா இருந்துச்சு? காதுல வெச்சுக் கேட்டா சொல்லிடும்.” சொல்லிவிட்டு அவர் நேராக அவளைப் பார்த்தார். “ஆனா நீ நெனச்ச மாதிரி இல்லம்மா. கஞ்சத்தனம்னு சொல்லு, முட்டாள்தனம்னு சொல்லு, ஒத்துக்கறேன். நீ வேலைக்குச் சேரக்கூடாதுன்னு செய்யல. நானே ஒரு மணி நேரமா எனக்குள்ள தேடிப் பாத்துட்டேன், அப்படி ஒருத்தன் இல்ல.”

“மொதல்ல சொடுக்குங்க. தேடினதெல்லாம் அப்புறம் சொல்லலாம்.”

சொடுக்கினார். நான்கு வருடமும் இருபத்தாறு நாளும் ஒரே நொடியில் கடந்தன. ஏப்ரல் நாலு. டிரைவரைத் திறந்தார். சிவப்பு வட்டம் வரவில்லை. பச்சைக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக ஊர்ந்து போய்ச் சேர்ந்தது. இணையமும் முரண்டு பிடிக்காமல் வழிவிட்டது. நீலப் பக்கம் ‘இன்னும் 17 நிமிடங்கள்’ என்றது. ஹெட்போனில் யாரோ ஒரு டாக்டர் மாதிரிக்காக இருமினார். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தால் அது இருமல் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

அப்போதுதான் சுவரில் ஒரு கடிகாரம் மணி அடித்தது. ஒன்பது.

மூவரும் சுவரைப் பார்த்தார்கள். பதினொன்றில் ஆறு மணி அடிக்கிற ஜாதி. ஆறும் ஆறு நேரத்தில் அடிக்கும்.

பெண்டுலம் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். ஒவ்வொரு கடிகாரத்தின் கதவையும் திறந்து, ஆடுகிற தட்டை இரண்டு விரலால் தொட்டு நிறுத்தினார். சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. கடையில் இத்தனை வருடத்தில் கேட்காத அமைதி. நிற்காதது ஒன்றே ஒன்று, மேசைமேல் இருந்த, ஆடுகிற தட்டு இல்லாத சுருள் வில் கடிகாரம். அதைத் திறந்து நிறுத்த நேரமில்லை. அதை எடுத்துக்கொண்டு கடைக்குள் மூலையில் தரையில் உட்கார்ந்தார். பின்புறக் கதவு வழியாக விரலை விட்டு, சுத்தியலுக்கும் மணிக்கும் நடுவில் நகத்தைக் கொடுத்தார்.

“தலை ஆட்டாம உக்காருங்க, எனக்குக் கவனம் போகும்” என்றாள் அவள். காதில் ஹெட்போனை மாட்டினாள்.

ஒரு மணி நேரத்தில் அந்தச் சுத்தியல் அவர் நகத்தில் மூன்று தவணையாக இருபது அடி அடித்தது. அவர் எண்ணினார். கத்தவில்லை. போன்கடைக்காரர் நடைபாதையில் நின்றுகொண்டு, வந்த வாடிக்கையாளர்களை உதட்டில் விரல் வைத்தே திருப்பி அனுப்பினார். அவர்கள் ஏதோ துக்கம் என்று நினைத்துத் தலைகுனிந்து போனார்கள்.

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். திரையில் ‘சமர்ப்பிக்கப்பட்டது. முடிவு ஏழு நாட்களில்’ என்று இருந்தது.

“எப்படி எழுதின?”

“தெரியல. மூணாவது டாக்டர் நடுவுல தும்மினார். அதையும் அடிச்சுட்டேனோன்னு சந்தேகமா இருக்கு. விரல காட்டுங்க.”

காட்டினார். நகம் நாவல்பழம் மாதிரி இருந்தது. அவள் அதைத் தன் உள்ளங்கையில் வைத்து ஊதினாள். திட்டவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. ஊதினாள்.

“சரி, கடிகாரமெல்லாம் ஓட்டணும். மணி என்னம்மா?”

அவள் சுவரைப் பார்க்கவில்லை, போனையும் பார்க்கவில்லை. திரையின் மூலையைப் பார்த்தாள். “அஞ்சு ஏழு.”

அவர் ஒவ்வொன்றாக முள்ளைத் திருப்பி ஓட்டிவிட்டார். அவள் கீழே நின்று மணி சொல்லிக்கொண்டே வந்தாள். போன்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பதினோரு கடிகாரமும் ஒரே நேரம் காட்டுவதைக் கண்டு அவர் குழம்பிப்போய் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“என்னண்ணே, எல்லாமே கெட்டுப்போச்சா?”

பெண்டுலத்தின் தலை இடமும் வலமும் ஆடியது.